டிவிக்கு மட்டும் வந்த மேகம்

செட்டிகுளத்தில் இன்று மண்டையைப் பிளக்கும் வெயில். கபடி இறுதிப் போட்டி பார்க்க டிவியைப் போட்டேன். படம் இல்லை, நீலத் திரையில் ஒரு வரிதான்.

இப்படிப் படம் போகும்போதெல்லாம் கேட்டால் கேபிள்கார முருகேசன், "மேகம் மாமா, தானா சரியாயிடும்" என்பான். இரண்டு வருடமாக நம்பினேன்.

இந்த வருடம்தான் படிக்கக் கற்றேன். இன்று அந்த வரியை எழுத்துக் கூட்டினேன்.

"இந்தச் சேனலுக்குச் சந்தா கட்டவில்லை."

தூக்கிவாரிப் போட்டது! போனில் முருகேசனுக்கு அதை அப்படியே வாசித்தேன்.

"யாரு மாமா படிச்சுச் சொன்னா?"

"நான்தாண்டா படிச்சேன்!"

"சேனலுக்கு வெலைய ஏத்திட்டாங்க மாமா. சொன்னா திட்டுவீங்கன்னு..."

பணம் தருகிறேன், உடனே போடு என்றேன். படம் வந்தபோது கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் ஊரிலும் டிவிக்கு மட்டும் மேகம் மூடுகிறதா? எழுதுங்கள், நானே படிப்பேன்.