ஞாயிற்றுக்கிழமைத் தீனி

அந்த ஆய்வுக்கூடத்தில் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்த பெயர் சிடுசிடு. முகத்துக்கு நேரே அக்கா. பதினாலு வருஷமாக வேலை ஒன்றுதான்: தட்டுகளில் வளரும் செல்களுக்குத் தீனி போடுவது. எல்லாம் ஸ்டெம் செல் என்கிற தண்டு செல்லிலிருந்து பிறந்து, பின்னாளில் மூளை நரம்பாகப் போகிற குட்டிகள். மனுஷர்களிடம் காட்டாத பொறுமையை அவள் அவற்றிடம் காட்டினாள்.

அந்தக் குட்டிகளிடம் தினமும் ஒரு சொட்டுப் புரதம் போய் "பெருகு, பெருகு" என்று சொல்லவேண்டும். அது வாசலில் மணியடிக்கும். சேதி கைமாறிக் கைமாறி உட்கரு வரைக்கும் போகும். சேதி நின்றால் குட்டிகள் பெருகுவதை விட்டு, வால் முளைத்து, நரம்பாக மாறி உட்கார்ந்துவிடும். அந்தப் புரதமோ மகா சொகுசு. உறைபெட்டியில் இருக்கும்வரை இருக்கும். சூடு பட்டால் ஓரிரு நாளில் காலி.

புதிதாக வந்த சின்ன டாக்டருக்கும் இது தெரியும், ஏட்டில். நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு வாரத்துப் புரதத்தை ஒரே பாட்டிலில் கலந்து, தினமும் முழுப் பாட்டிலையும் வெந்நீர்த் தொட்டியில் முக்கினார். அதைத்தான் அவள் ஊற்றவேண்டும் என்று உத்தரவு. அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நீங்கள் எதுவரை படித்தீர்கள் என்று கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

மூன்றாம் வாரம் தட்டு முழுக்க வால். எட்டு மாத உழைப்பு மண்ணாய்ப் போனது. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சின்ன டாக்டர் விரலை நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை இவங்க தீனி போட வர்றதே இல்ல, மேடம்."

ஆய்வுக்கூடத் தலைவி அவளுக்குப் பத்து நாள் கொடுத்தார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஒரு மன்னிப்புக் கேட்டால் குறைந்தா போய்விடுவாய் என்றான் வீட்டில் புருஷன்.

"செய்யாத தப்புக்கா? நீ வேணா போய்க் கேளு. உனக்குத்தான் பழக்கம்."

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

உறையவைத்துச் சேமித்திருந்த செல் குழாய் ஒன்றை எடுத்து, அதிலிருந்த குட்டிகளை இரண்டு தட்டாகப் பிரித்தாள். ஒன்றுக்கு உறைபெட்டியிலிருந்து அன்றன்றைய சொட்டு. இன்னொன்றுக்குச் சின்ன டாக்டரின் பாட்டில். மற்றதெல்லாம் ஒன்றே. ஞாயிறும் வந்தாள், காவலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

பத்தாம் நாள் தலைவி நுண்ணோக்கியில் குனிந்தார். முதல் தட்டில் சந்தைக் கூட்டம். இரண்டாவதில் ஆளுக்கொரு மூலையில் வால் நீட்டி, பென்ஷன் வாங்கினவர்கள் மாதிரி கிடந்தன.

"இதுக்கு ஊத்தினது யாரு பாட்டில்?" என்றார் தலைவி.

சின்ன டாக்டர் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு நின்றார். இனிமேல் கலக்குவது அக்காவின் வேலை என்று தீர்ப்பானது. சின்ன டாக்டரிடமிருந்து மன்னிப்பு வரவில்லை. வால் முளைத்த தட்டை ப்ளீச் ஊற்றிக் கொட்டச் சொல்லிவிட்டுப் போனார் அவர்.

ப்ளீச்சைக் கையில் எடுத்தவள் நுண்ணோக்கியில் ஒருதரம் பார்த்தாள். உயிரோடுதான் இருந்தன. யாரையோ திட்டிக்கொண்டே தட்டைக் கீழ் அடுக்குக்கு நகர்த்தி, சீட்டு எழுதி ஒட்டினாள்: இது இனி வளராது. ஆனாலும் பசிக்கும்.

மறுநாள் சின்ன டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். காது சிவந்தது.

"என்னையா சொல்றீங்க?"

அவள் இல்லையென்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, முதலில் அந்தத் தட்டுக்குத்தான் ஊற்றினாள்.