ஆடியில் விழுந்த பள்ளம்

ஓர் எண்ணைத் தப்பாகக் கொடுத்துவிட்டு, அந்தத் தப்புக்கு இரண்டு பக்கம் விளக்கமும் எழுதியவள் நான்.

ஆராய்ச்சிப் பட்டத்துக்காக, நம் மாநிலத்துப் பீங்கான் உற்பத்தியின் மாதக் கணக்கை அரசு இணையதளத்திலிருந்து இறக்கியிருந்தேன். மழை, பண்டிகை என்று ஆண்டுதோறும் வரும் பருவ ஏற்ற இறக்கத்தோடு உள்ள கணக்கு ஒரு வரிசையாகவும், அதை நீக்கிய கணக்கு இன்னொரு வரிசையாகவும் இருந்தன. மாதப் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான். மென்பொருளில் ஏற்றும்போது அது முதல் மாதம் எது என்று கேட்டது. ஒன்று என்றால் ஜனவரிதானே என்று கொடுத்துவிட்டேன்.

வரைபடத்தில் ஜூலை, ஆகஸ்டில் பெரிய பள்ளம். எனக்கு ஒரே குஷி. ஆடியில் கல்யாணம் கிடையாது, புதுவீட்டுக்குக் குடி போக மாட்டார்கள், பீங்கான் சாமான் யார் வாங்குவார்கள்? விறுவிறுவென்று எழுதித் தள்ளினேன். மறுநாள் அந்த அத்தியாயத்தை நெறியாளருக்கு அனுப்பியாக வேண்டும்.

சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்தாள். விருத்தாசலம் செராமிக் கம்பெனி ஒன்றில் களிமண் கூழை அச்சில் ஊற்றுகிற வேலை அவளுக்கு. பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இந்தப் பள்ளம் எந்த மாசம்டி?"

"ஆடிக்கா."

அக்கா சிரித்துவிட்டாள். "ஆடியிலதான் கொலு பொம்மை ஆர்டரு குவியும். ஞாயித்துக்கெழமகூட வரச் சொல்லுவாங்க. ஐப்பசியில மழை புடிச்சிக்கிட்டா ஊத்துனது எதுவும் காயாது. வேல இல்ல, வூட்டுலயே இருங்கன்னுடுவாங்க."

"இது கவர்மென்ட்டு கணக்குக்கா!" என்றேன் வெடுக்கென்று.

"அப்பிடியா? இருக்கும்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் கோப்போடு வந்த குறிப்பைத் திறந்து படித்தேன். வரிசை நிதியாண்டின்படி ஏப்ரலில் தொடங்குகிறதாம். முதல் மாதம் என்று கொடுத்திருந்த ஒன்றை நான்காக மாற்றினேன். பள்ளம் நகர்ந்து அக்டோபர், நவம்பரில் போய் உட்கார்ந்தது.

ஆடி விளக்கத்தை அழிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வெட்கம் போகவில்லை. நான் கல்லூரியில் படித்த காலத்தில், மழை நாட்களில் நனைந்துகொண்டு வீடு திரும்பினால் அக்கா வீட்டில் இருப்பாள். சுடச்சுட ரசம் வைத்திருப்பாள். அவளுக்கு லீவு என்று நினைத்து எத்தனை சந்தோஷப்பட்டிருக்கிறேன்! வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்து, பருவ ஏற்ற இறக்கத்தை நீக்கிய அந்த இன்னொரு வரிசையை ஏற்றினேன். அக்கா வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மாதங்களின் பள்ளம் இருந்த இடமே தெரியாமல் கோடு நேராக ஓடியது. இந்தத் தடவை அதில் எந்தத் தப்பும் இல்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டத்தான் எனக்கு மனம் வரவில்லை.