மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு

காலை 6.10. முந்தின இரவு சென்னையிலிருந்து வந்து தங்கிய திருப்பதியில் சித்தூர் பேருந்து ஏறினோம், எழுபது கிலோமீட்டர். உடன் வந்தவர் டோரதி அம்மா. அமெரிக்காவில் என் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டிய கறுப்பினத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை.

“லேடீஸ் முன்னாடி ஒக்காரும்மா,” என்றார் நடத்துநர். மொழிபெயர்த்தேன். டோரதி அம்மா சிரித்துவிட்டார். அவருடைய சிறுவயதில் அவர் ஊர்ப் பேருந்துகளில் முன்னிருக்கைகள் வெள்ளையருக்கு மட்டும். பத்து வயதில், வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்குள் முதலில் நுழைந்த கறுப்புப் பிள்ளைகளில் அவரும் ஒருவர்.

“பள்ளி வாசலில் வெள்ளையர் கூட்டம் எங்களை எதிர்த்துக் கத்தியது. நான் உள்ளே போய்விட்டேன். அம்மா அந்தக் கூட்டத்துக்கு நடுவே தனியாக நின்றார். நினைத்தால் இன்றும் திகைப்பாக இருக்கிறது.”

8.20. சித்தூர். தமிழ் சர்ச் வாசலில், எங்களை அழைத்திருந்த என் அலுவலகத் தோழி மெர்சி காத்திருந்தார். இங்கே அவருடைய சாதிக் குடும்பங்கள் இடப்புறமும் மற்றவர்கள் வலப்புறமும் உட்காருவார்கள். சட்டமில்லை, பழக்கம். மெர்சியின் மகளுக்கு வலப்புறத்துப் பையனோடு கல்யாணம். திருமண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று சபையைக் கேட்பார்கள். அதுதான் ஓலை. இன்று மூன்றாவது.

“மாப்ளயோட மாமன் எழுந்துப்பேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு சார். கல்யாணம் நின்னுட்டா பொண்ணு தாங்காது,” என்றார் மெர்சி.

“எழுந்துக்கட்டும். அவருக்கு மூட்டுவலி, ஒக்காரத்தான் கஷ்டம்,” என்றார் அவர் கணவர்.

போதகர் ஓலையை வாசித்தார். மாமன் எழுந்தார்.

“காரணத்தைச் சொல்லுங்க,” என்றார் போதகர்.

அதுதான் முறை. ஏற்கெனவே மணமானவர், மணக்கக்கூடாத உறவு என்றால் சொல்லலாம். இவரிடம் இருந்தது சாதி ஒன்றுதான். அதைச் சபை நடுவே வாய்விட்டுச் சொல்லவேண்டும். அவர் தரையைப் பார்த்தார்.

இடப்புறத்தில் மெர்சி எழுந்தார்.

“சொல்லுங்கண்ணா. எங்க மூஞ்சப் பாத்து சொல்லுங்க. நாங்களும் கேட்டுக்கறோம்.”

மாமன் உட்கார்ந்துவிட்டார். போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

டோரதி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். “எங்கள் ஊரில் அந்தக் காரணத்தைக் கூசாமல் கத்தினார்கள்,” என்றார்.

வெளியே வந்ததும் டோரதி அம்மா மெர்சியின் கையைப் பற்றிக்கொண்டு அழுதார்.

“இந்தம்மா எதுக்கு சார் அழுவுது? பிரியாணி ரெடியா கீது, துன்னுட்டுத்தான் போவணும்,” என்றார் மெர்சி.

மதியம் 2.15க்குத் திரும்பும் பேருந்து. சென்னையில் எங்கள் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு வருபவர்களிடம், “நீங்க எந்தப் பக்கம்?” என்று சாதியை மெல்லத்தான் விசாரிப்பார்கள். வந்தவர்களும் மெல்லப் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். மனதில் இருப்பதை முகத்தைப் பார்த்து உரக்கச் சொல்லுங்கள் என்று ஒருவர் நிமிர்ந்து நின்று சொல்லி, என் ஐம்பது வயதில், முதல்முறையாக சித்தூரில் பார்த்தேன்.