தலை எண்ணும் கேப்டன்

போன வாரம் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்த காலையில், குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு புகைப்படம். நரைத்த தாடி, கம்பளித் தொப்பி, எதையோ எண்ணிக்கொண்டிருப்பது போன்ற கண்கள். தென் துருவத்துக்கு ஒன்றாகப் போய்வந்தவர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். எங்களைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போன ருஷ்யக் கேப்டன் இறந்துவிட்டார். கூடவே அவருடைய மகள் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பு. பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்தது, வடக்குப் பனிக்கடலில் வருடக்கணக்காக ஆழம் அளந்தது, எந்த வரைபடத்திலும் இல்லாத இரண்டு தீவுகளைக் குறித்தது எல்லாம் இருந்தன. கடைசி வரியில், பனிமூட்டத்தைத் தவறாகக் கணித்துக் கப்பலைச் சிக்கவைத்தார், அத்துடன் அவருடைய கடல் வாழ்க்கை முடிந்தது என்றிருந்தது. அந்த வரி பொய். அது எனக்குத் தெரியும்.

முப்பது வருடத்துக்குப் பக்கமாகிறது. அரசு ஆய்வு நிலையமொன்றின் கேன்டீனில் தற்காலிகச் சமையற்காரனாக இருந்தேன். துருவத்துக்குப் போய்வந்தால் வேலை நிரந்தரம் என்றார்கள். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன், கண்மாய் நிறைந்ததையே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்தவன், கப்பலேறினேன். கேப்டனும் கடலோரத்தில் பிறந்தவரில்லை. அவர் ஊரிலிருந்து கடலுக்கு நான்கு நாள் ரயில் பயணமாம். ஓய்வு கிடைத்தால் சமையலறைக்கு வந்து எனக்கு உருளைக்கிழங்கு உரித்துத் தருவார். இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். பனிமேல் இறங்கியவர்கள் திரும்பும்போதும், கப்பல் கிளம்புமுன்பும் ஏணி அருகே நின்று, வாய்க்குள்ளேயே ஒவ்வொரு தலையாக எண்ணுவார். அந்த வேலையை வேறு யாருக்கும் தரமாட்டார். கடற்படையில் சின்ன அதிகாரியாக இருந்தபோது, எண்ணாமல் புறப்பட்ட கப்பல் ஒன்று அவருடைய சிநேகிதனைப் பனிமேல் விட்டுவிட்டுப் போனதாம். உரித்த கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே ஒருநாள் அதைச் சொன்னார்.

கப்பலில் குளிக்கவும் துவைக்கவும் தண்ணீர் அளவுதான். அனுமதியில்லாமல் தனியாக யாரும் பனிமேல் போகக் கூடாது என்பது கண்டிப்பான விதி. சாமான்கள் இறக்கி முடித்து, புறப்படவிருந்த நாளன்று, சற்றுத் தள்ளிப் பனி உருகி ஒரு குளமாகக் கிடப்பது மேல்தளத்திலிருந்து தெரிந்தது. மற்றவர்கள் போட்டோ எடுத்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு நல்ல தண்ணீர் யாருக்கும் ஆகாமல் கிடக்கிறதே என்று, ஒரு வாளியில் அழுக்குத் துணிகளைப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிட்டேன். கை விறைத்துப்போனாலும் துவைத்தேன். பிழிந்த சட்டை தகரம்போல ஆகிவிட்டது. நிமிர்ந்தபோது கப்பலைக் காணவில்லை. மூட்டம் இறங்கியிருந்தது. எங்கள் ஊர்ப் பொட்டலில் எந்தத் திசையிலாவது ஒரு பனைமரம் தெரியும். அங்கே எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் கப்பலின் சங்கு கேட்டது, அருப்புக்கோட்டை மில் சங்குபோல. விட்டு விட்டு ஊதிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, தவறித் திரும்பி, மறுபடி பிடித்து, நான்கு மணி நேரம் கழித்து ஏணியடிக்கு வந்தேன். கேப்டன் மட்டும் நின்றிருந்தார். வாளியைப் பார்த்தார், விறைத்த சட்டையைப் பார்த்தார். என்னை நோக்கி விரலை நீட்டிக் கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

மூட்டம் இறங்கினால் சங்கு ஊதுவது வழக்கம்தானே என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள்; நான் வெளியே போனது கேப்டனுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் எனக்காகக் கப்பல் நின்ற அந்த நான்கு மணி நேரத்தில் காற்று திரும்பி, நாங்கள் வெளியேற வேண்டிய வழியைப் பனிக்கட்டி அடைத்துவிட்டது. பன்னிரண்டு நாள் சிக்கிக் கிடந்தோம். வேறொரு கப்பல் வந்து மீட்டது. துறைமுகத்தில் விசாரணை, கப்பலின் சாப்பாட்டுக் கூடத்திலேயே நடந்தது. மூட்டம் இறங்குவதற்கு முன்பே ஏன் புறப்படவில்லை, யாராவது வெளியே இருந்தார்களா என்று அதிகாரி கேட்டார். "எல்லோரும் கப்பலில்தான் இருந்தார்கள். மூட்டத்தைக் கணித்ததில் தவறு என்னுடையது," என்றார் கேப்டன். நான் டீத் தட்டோடு அவருக்குப் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும். திறக்கவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார், போட்டேன். அதன்பின் அவரைக் கப்பலோட்ட விடவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது. அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் படித்தார்கள், வீடு கட்டினோம். சோறு இறங்காமல் போன நாளெல்லாம் ஒன்றுமில்லை, நன்றாகவே சாப்பிட்டேன். அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். "இம்புட்டு வருசமா வாயத் தொறக்கலையே. இப்பச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள்.

"அவுக மகளுக்காவது தெரியட்டும்."

"அப்பச் சொல்லிருங்க. பொறவு இதையும் தள்ளிப்போடுவீக."

குறிப்பின் அடியில் மகளுடைய மின்னஞ்சல் முகவரி இருந்தது. மூட்டத்தால் அல்ல, என்னால்தான் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது.

"துணி துவைக்கப் போன சமையற்காரர் நீங்கள்தானா? அப்பா எங்களிடம் சொல்லியிருக்கிறார். எங்கேயும் எழுதக் கூடாது என்று கடைசிவரை கண்டிப்பாகச் சொன்னார். அந்த மனிதர் இன்னும் வேலையில் இருப்பார், அவருக்குக் கெடுதல் வந்துவிடும் என்பார்."

நான் ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. ஒரு கடிதம் போட்டு அதையாவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.