சண்முகையா பெரு தேசத்தில் சாப்பிட்டது

சங்கரன்கோவிலில் சண்முகையா வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். கப்பல்காரர் வீடு என்று கேட்டால் வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். தெப்பக்குளத்தில் தண்ணீர் கிடந்தாலே போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஊரில் ஒருவருக்கு இப்படிப் பெயர் அமைந்தது. அவர் கப்பல் ஓட்டவில்லை. சரக்குக் கப்பலின் சமையல்கட்டில் வெங்காயம் நறுக்கினார், பாத்திரம் தேய்த்தார். நீச்சல் தெரியாது. எத்தனையோ துறைமுகம் பார்த்தும் கடலில் கால் நனைத்ததில்லை.

"கடல் நமக்கு ரோடு மாதிரி வே. ரோட்டுல இறங்கி எவனாவது குளிப்பானா?" என்பார்.

ஒவ்வொரு தடவை கப்பலேறும்போதும் டிரங்குப் பெட்டியில் கோமதியம்மன் கோயில் புற்றுமண் ஒரு பொட்டலம் போகும். எங்கள் ஊரில் தேள் கடித்தாலும் சொறி வந்தாலும் மனசு சரியில்லை என்றாலும் புற்றுமண்தான். நெற்றியில் பூசிக்கொண்டு, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வோம். படித்தவர்களும் போட்டுக்கொள்வார்கள், கொஞ்சம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு. 1979ஆம் வருஷப் பயணத்தில் அந்தப் பொட்டலம் சிங்கப்பூர் தாண்டுவதற்குள் தீர்ந்துபோனது. இரண்டாம் இன்ஜினியருக்குச் சிரங்கு. கடவுள் நம்பிக்கை இல்லாத மனிதர், ஆகவே தாராளமாகப் பூசிக்கொண்டார்.

அந்த ஆடி மாசம் கப்பல் பெரு தேசத்தில் கயாவோ துறைமுகத்தில் நின்றது. மீன்மாவு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் தந்தி வந்தது. 'மாரித்தாய் பெரியாஸ்பத்திரியில் சீரியஸ். மூக்காண்டி.' மாரித்தாய் அவர் மனைவி. அவர் கப்பலேறும்போது முழுகாமல் இருந்தவள். மூக்காண்டி அவள் தம்பி.

கேப்டன் தந்தியைப் படித்துவிட்டு, "சீரியஸ்தானே, நம்பிக்கையோடு இரு" என்றார். நல்ல மனிதர், ஆனால் எங்கள் பக்கத்துத் தந்தி படித்துப் பழக்கமில்லாதவர். இங்கே செத்துப்போனார் என்று யாரும் தந்தி கொடுப்பதில்லை. சீரியஸ் என்றுதான் கொடுப்போம். வருகிறவன் வழியில் ஒரு வாய் காப்பியாவது குடிக்கட்டும் என்று. உண்மையிலேயே சீரியஸாகக் கிடப்பவர்களுக்கும் அதே வார்த்தைதான். சண்முகையாவே சொந்தக்காரர்களுக்கு அப்படி இரண்டு தந்தி கொடுத்தவர். இப்போது அவள் இருக்கிறாளா இல்லையா என்பது அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தெரிகிற விஷயமில்லை.

கப்பல் தட்டிலேயே நின்று ஊர் இருக்கும் திசை என்று அவர் நினைத்த பக்கம் கும்பிட்டார். "கோமதித் தாயே, அவ உசிரோட இருக்கான்னு என் காதுல விழுகிற வரைக்கும் பல்லுல பருக்கை படாது."

கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட் ரமிரெஸ், தந்தியில் இருந்த ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் பதிவு செய்தார். எப்போது கிடைக்குமோ தெரியாது. அதனால் தனக்குத் தெரிந்த ஹோட்டலின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, சண்முகையாவையும் அங்கே கூட்டிப்போனார். காத்திருப்பதுதான் காத்திருக்கிறோம், சாப்பிட்டுக்கொண்டே காத்திருக்கலாம் என்பது அவர் கணக்கு.

சுவரெல்லாம் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே கூழாங்கல் கரை, அதற்கு அப்பால் பசிபிக் பெருங்கடல், சாம்பல் நிறத்தில். வானமும் அதே நிறம். இந்த ஊரில் மழையே பெய்யாது என்றார் ரமிரெஸ். இவ்வளவு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மழை இல்லையா என்று கரிசல்காட்டு மனிதருக்கு அந்த நிலையிலும் ஆச்சரியமாக இருந்தது.

முதலில் மீன் வந்தது. வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு, அடியில் வெள்ளைத் துண்டுகள்.

"இது வேகலையே," என்றார் சண்முகையா, தெரிந்த இங்கிலீஷில்.

"எலுமிச்சை வேகவைத்துவிடும். சாப்பிடுங்கள்."

"வேண்டாம் சார். விரதம்."

விரதம் என்பதை ரமிரெஸுக்குச் சொல்ல முடியவில்லை. மீன் பிடிக்கவில்லை போல என்று மஞ்சள் குழம்பு ஊற்றிய உருளைக்கிழங்கு வந்தது. பிறகு பல்லைவிடப் பெரிய மணிகளோடு அவித்த மக்காச்சோளம் வந்தது. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இலையில் விழும் எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தி அவருக்கு ஞாபகம் வந்தது. மேஜை நிறைந்தது. கல்லாவில் இருந்த போன் அடிக்கவில்லை.

சமையல்கட்டுக் கதவு திறந்திருந்தது. பாத்திரம் தேய்க்கிற அம்மாள், பெனிட்டா என்று பெயர், குந்தி உட்கார்ந்து தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவித்த சின்னக் கிழங்கு. அதை ஒரு கிண்ணத்தில் இருந்த சாம்பல் நிறக் கூழில் தொட்டுத் தொட்டுத் தின்றாள்.

"அது என்ன சார்?"

ரமிரெஸ் முகம் கோணிற்று. "அதைப் பார்க்காதீர்கள். மலைக்காரர்கள் பழக்கம். வயிற்றுக்கு நல்லதாம். அது… களிமண்."

சண்முகையா எழுந்து நேரே கதவருகே போனார். இடது கை மேல் வலது கையைக் குழித்து நீட்டினார். எந்த பாஷையும் இல்லை. பெனிட்டா அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, விரலால் வழித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கண்ணில் ஒற்றி, நெற்றியில் இழுத்து, மிச்சத்தை நாக்கில் போட்டுக்கொண்டார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ரமிரெஸ் பயந்தார். பெனிட்டா பயப்படவில்லை. இன்னும் வேண்டுமா என்று கிண்ணத்தை நீட்டினாள்.

விரதம் முறிந்ததா என்று பின்னால் ஊரில் சிலர் கேட்டதுண்டு. "மண்ணு சாப்பாடா வே? மருந்துல்லா!" என்பார்.

மேஜையில் இருந்ததெல்லாம் ஆறிப்போன பிறகு போன் அடித்தது. இரைச்சலுக்குள்ளிருந்து மூக்காண்டி கத்தினான்.

"அத்தான்! கேக்குதா?"

"கேக்குது. சொல்லுலே."

"அக்கா கண்ணு முழிச்சிட்டா. பிரசவத்துல ஜன்னி கண்டுருச்சு. இப்ப தண்ணி வாங்கிக் குடிச்சா."

சண்முகையா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"பிள்ள?"

"தங்கல அத்தான். பொம்பளப் பிள்ள. நேத்தே கொண்டு வச்சிட்டோம்."

"யாரு தூக்கிட்டுப் போனா?"

"நாந்தான்."

"சரி."

"அத்தான், நீங்க சாப்பிட்டியளா?" எங்கள் ஊரில் இதைக் கேட்காமல் போனை வைக்க முடியாது, உலகத்தின் அடுத்த பக்கமே ஆனாலும்.

"மண்ணு போட்டுக்கிட்டேன்லே. அக்காட்ட சொல்லு."

என்ன மண்ணு என்று அவன் கேட்பதற்குள் லைன் அறுந்தது.

"நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?" என்றார் ரமிரெஸ்.

"ரெண்டும் சார்."

இனிமேல் சாப்பிடலாம், வேண்டுதல் அவளுக்காக, அவள் இருக்கிறாள். ஆனால் முங்காமல் சாப்பிட முடியாது, பிள்ளை போய்விட்டது. பேர் வைக்காத பிள்ளைக்குத் தீட்டு உண்டு என்பவரும் இல்லை என்பவரும் ஊரில் இருக்கிறார்கள். அங்கே கேட்க ஆளில்லை. சண்முகையா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார், கல் படிகளில் இறங்கினார். வருஷக்கணக்காகக் கடலிலேயே இருந்தவர் முதல் தடவையாகக் கடலுக்குள் கால் வைத்தார். எலும்புவரை குத்துகிற குளிர். இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடி முங்கினார். மூன்று தடவை. தண்ணீர் இழுத்தது, கல்லில் விரலை ஊன்றிக்கொண்டார்.

சாகத்தான் போகிறார் என்று மேலே ரமிரெஸ் அலறியிருக்கிறார். பெனிட்டா ஓடிவந்து கரையில் நின்றாள். அவர் தானாகவே திரும்பி வருவதைப் பார்த்ததும், கையில் கொண்டுவந்திருந்த மேஜைத் துணியை அவர் தோளில் போட்டாள்.

ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டார். வேகாத மீன், ஆறின கிழங்கு, சோளம். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்க்கவும் இல்லை.

ஊருக்கு வந்துசேர மார்கழி ஆகிவிட்டது. பெரு தேசத்தில் மீனைப் பச்சையாகத் தின்கிறார்கள் என்று டீக்கடையில் சொன்னார், யாரும் நம்பவில்லை. மண்ணைத் தின்கிறார்கள் என்றும் சொன்னார். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. மாரித்தாய் இரண்டையும் பற்றிக் கேட்கவில்லை. முதல் நாள் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"பிள்ளைக்கு முங்குனியளா?"

"முங்குனேன். கடல்ல."

"நீச்சல் தெரியாதே உங்களுக்கு."

"தெரியாதுதான்," என்றார். அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.