காரமில்லாத ஊதா மிளகாய்

சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிவிட்டு வந்தவளுக்குப் படியேறவே உயிர் போனது. ஆனால் மொட்டை மாடியில் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். யார் வீட்டுச் செடியில் காய்த்தாலும் முதலில் கடித்துப் பார்ப்பது அவள்தான். அதனால் காரக்கா என்றே பெயர். அவள் வாய்க்கும் அது பொருத்தம் என்பார்கள் வேண்டாதவர்கள்.

ஆறு வருடமாக அவர்கள் கூடி உருவாக்கிக்கொண்டிருந்தது ஓர் ஊதா மிளகாய். வாசம் இருக்க வேண்டும், காரம் துளியும் கூடாது. வேறு மகரந்தம் சேராதிருக்கப் பூ விரியும் முன்பே துணிப்பை போட்டு மூட வேண்டும். பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றிக் காம்பில் சிவப்பு நூல் கட்ட வேண்டும். நூல் கட்டிய பழம்தான் விதைக்கு. போன வருடம் எல்லா வீட்டுக்கும் விதை போனது காரக்காவின் செடிகளிலிருந்து.

முதல் காயைக் கடித்தாள். கண்ணில் நீர் வந்தது. அடுத்த வீட்டுக் காய் பரவாயில்லை. அதற்கடுத்த மூன்றும் நெருப்பு. போதும் என்று கை காட்டினாள்.

"எல்லாம் இவரு வளர்க்கிற கார மிளகாயால வந்த வினை," என்றார் குழுவைக் கூட்டிய வாத்தியார். இவர் என்றது ஓய்வுபெற்ற தபால்காரரை. குழுவுக்கு வளர்ப்பது போக, தன் ஆசைக்கு எட்டுத் தொட்டியில் கார மிளகாயும் வைத்திருந்தார் மனிதர்.

"பூவ மூடித்தானே வெச்சிருந்தோம்? அப்புறம் எப்படி சார் கலக்கும்?" என்று மெல்லக் கேட்டார் அவர்.

பதில் தெரிந்தவள் காரக்கா ஒருத்திதான். போன வருடம் பூக்கிற சமயத்தில் கணவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடை, ஆஸ்பத்திரி, வீடு என்று ஓடியவள் ஒரு பூவைக்கூட மூடவில்லை. பிறகு பார்த்தால் செடி நிறையப் பிஞ்சு. ஒரு வருடம் வீண் என்று பன்னிரண்டு வீட்டுக்கும் சொல்லத் தெம்பில்லாமல் நூலை மட்டும் கட்டிவிட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஊரையே வாயால் அளப்பவளுக்கு இப்போது வெட்கமாக இருந்தது, அதைவிடக் களைப்பாக இருந்தது.

"நாளைக்குப் பேசிக்கலாம், காலு கடுக்குது," என்று இறங்கிவிட்டாள். கால் கடுத்தது என்னவோ உண்மை.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் தபால்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள். வாசலில் எட்டுத் தொட்டிகள் வெறும் மண்ணோடு இருந்தன. பிடுங்கிய செடிகள் பூவும் காயுமாக ஒரு சாக்கில் கிடந்தன.

"நேத்து வந்ததுமே பிடுங்கிட்டேம்மா. என்னால எதுக்கு எல்லாருக்கும் சிரமம்?"

"அண்ணே, உங்க செடி மேல தப்பில்ல. நான்தான் பூவ மூடல. மூடாமலே நூலக் கட்டிட்டேன். அவரு ஆஸ்பத்திரியில..."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. சாக்கிலிருந்து ஒரு செடியை எடுத்து வேரைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்து போயிருந்தது.

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.