பத்துப் பங்கு சேர்மன்

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் நின்று, "சேர்மன் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் தலைவர் வீட்டையும் காட்ட மாட்டார்கள். இரண்டாவது சந்தில் மாடி வாடகை வீட்டில் குடியிருக்கும் கொளஞ்சியப்பன் வீட்டுக்குத்தான் கைகாட்டுவார்கள்.

அவர் எதற்கும் சேர்மன் இல்லை. சென்னையிலிருக்கும் வைகறை பெல்ட்ஸ் என்ற பெரிய கம்பெனியின் நெய்வேலிப் பட்டறையில் ஃபோர்மேன். சுரங்கத்தில் கரியைச் சுமந்துகொண்டு ஓடும் ரப்பர் பெல்ட் கிழிந்தால், ஆட்களோடு ஓடிப்போய்ச் சூடு வைத்து ஒட்டிக்கொடுப்பது வேலை.

பட்டப்பெயர் வந்த கதை வேறு. கம்பெனியின் வெள்ளிவிழாவுக்கு ஆளுக்குப் பத்துப் பங்கு கொடுத்தார்கள். கூட வேலை செய்யும் ஜுல்பிகர் அந்த வாரமே விற்று மிக்ஸி வாங்கிவிட்டார். கொளஞ்சியப்பன் மட்டும் விற்கவில்லை. காரணம், தபாலில் வந்த கம்பெனி ஆண்டறிக்கை. அதன் முதல் பக்கத்தில், "அன்புள்ள பங்குதாரரே" என்று தொடங்கி ஒரு கடிதம் இருந்தது. இருபது வருஷமாக அவரை "ஏம்பா பெல்ட்டு" என்றே கூப்பிட்டுவந்த கம்பெனி அது. அந்த "அன்புள்ள"வில் மனுஷர் கரைந்தேபோனார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆவணியிலும் கடிதம் எழுதி, அச்சடித்த ஆண்டறிக்கையை வரவழைத்துவிடுவார். செங்கல் கனத்துக்கு இருக்கும். போனில் அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு அட்டை முதல் அட்டை வரை படிப்பார். அதைப் பார்த்துத்தான் ஊர் அவரைச் சேர்மன் ஆக்கிவிட்டது.

"ஆறு கோடி பங்குல பத்து பங்கு. அத்த வெச்சிகினு என்னா ஆட்டம் ஆடறாரு பாரு" என்பாள் மனைவி செங்கமலம்.

"ஆறு கோடி வெச்சிருக்கறவனும் இதே புக்கதாம்மே படிக்கறான்" என்பார் இவர்.

ஒரு வருஷம் அப்படிப் படித்துக்கொண்டே வந்தவர், தொண்ணூற்றிரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியது.

"ஏங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துகினு இருக்கீங்க?"

"வருங்காலத் திட்டம்னு ஒண்ணு போட்டிருக்கான். நெய்வேலிப் பட்டறைய ஓசூரோட ஒருங்கிணைக்கலாமான்னு போர்டு ஐப்பசி கடைசியில முடிவு பண்ணுதாம்."

"ஒருங்கிணைக்கறதுன்னா?"

"இங்க பூட்டறது."

செங்கமலம் சுவரில் சாய்ந்துவிட்டாள். பட்டறையில் இருபத்திரண்டு பேர். அத்தனை பேரும் கம்பெனியின் கான்ட்ராக்ட் ஆட்கள். ஐம்பத்தாறு வயது ஃபோர்மேனை ஓசூரில் யார் சேர்த்துக்கொள்வார்கள்? அடுத்த தையில் நிச்சயமாகவிருந்த மகள் கல்யாணம் அவள் கண்முன்னே வந்து நின்று அழுதது.

ஆனால் ஒரு வழி இருந்தது. பத்துப் பங்கு வைத்திருப்பவரும் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்தில் பேசலாம். கூட்டம் வீடியோவில்தான். முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிஷம். கொளஞ்சியப்பன் பதிந்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நெய்வேலி டவுன்ஷிப்பில் பிரிவு உபசாரமோ கபடிப் போட்டியோ, மைக் கொளஞ்சியப்பன் கையில்தான். மேடையில் இருப்பவர்களில் ஒருவர் பெயரையும் விடாமல், ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல வார்த்தை சேர்த்து அவை வணக்கம் சொல்வதில் அவருக்கு நிகர் கிடையாது. பெயர் விட்டுப்போய் ஒரு முகம் வாடினால் அவருக்குத் தாங்காது.

கூட்டத்தன்று ஜுல்பிகரும் நாலைந்து பேரும் வீட்டுக்கே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். போன் சொம்பில் சாய்ந்து நின்றது. முன்னால் பேசியவர்கள் சேர்மனை வானளாவப் புகழ்ந்தார்கள். ஒருவர், போன வருஷம் அனுப்பிய இனிப்புப் பெட்டி சின்னதாக இருந்தது என்று வருத்தப்பட்டார். பிறகு கொளஞ்சியப்பன் பெயர் வந்தது.

"அவையில் வீற்றிருக்கும், சொன்ன சொல் தவறாத சேர்மன் அவர்களே..."

ஒன்பது இயக்குநர்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் ஆண்டறிக்கையில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மழையாகப் பொழிந்தார். ஏழாவது ஆள், ஆபத்துகளை ஆராயும் குழுவின் தலைவி பவித்ரா.

"பவித்ரா அம்மையார் அவர்களே, ஆறு பட்டறை போய்ப் பாத்தீங்கன்னும், நெய்வேலிக்கு மட்டும் வரலன்னும் நூத்துப் பதினாறாம் பக்கத்துல இருக்குதுங்க. ஐப்பசி மழையில வாங்க, அப்பதான் பெல்ட்டோட குணம் தெரியும். உங்களுக்கும் எங்கள் வணக்..."

"நன்றி ஐயா. அடுத்தவர்" என்றது போன். இரண்டு நிமிஷம் முடிந்திருந்தது.



"பத்திரிகை வெச்சீங்க, என்னா விசேஷம்னு சொல்லாம வந்துட்டீங்களே!" என்றாள் செங்கமலம். சிரிக்கத்தான் நினைத்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

கொளஞ்சியப்பன் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். இருபத்திரண்டு குடும்பத்தின் விதியைச் சொல்லக் கிடைத்த இரண்டு நிமிஷத்தைக் கும்பிடு போட்டே தீர்த்துவிட்டாரே! அந்த மாதம் முழுக்க மைக்கைத் தொடவில்லை. பக்கத்து ஊர் வடக்குத்துக் கபடியை யாரோ ஒரு பையன் நடத்தினான். வந்திருந்த கவுன்சிலர் பெயரையே விட்டுவிட்டானாம். அதைக் கேட்டும் அவர் சிரிக்கவில்லை.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பட்டறை வாசலில் சென்னைப் பதிவெண் கார் ஒன்று சேற்றில் வந்து நின்றது. குடையோடு ஒரு அம்மாள் இறங்கினார்.

"நூத்துப் பதினாறாம் பக்கத்துல என்னை மாட்டிவிட்டவர் யாருங்க?"

கொளஞ்சியப்பன் வாய் திறந்தார். ஜுல்பிகர் விலாவில் இடித்தார். "அண்ணே, வணக்கம் ஒண்ணே ஒண்ணு. கும்புட்டுட்டு நிறுத்திடுங்க."

அவர் கைகூப்புவதற்குள் பட்டறை போன் அடித்தது. சுரங்கத்தில் ஈரக் கரியின் கனம் தாங்காமல் ஒரு பெல்ட் ஜாயின்ட் பிளந்துவிட்டது.

"நானும் வர்றேன்" என்றார் பவித்ரா.

ஜீப்பில் இருபத்தைந்து நிமிஷம். தலைக்கவசமும் மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு அந்த அம்மாள் ஓரமாக நின்றார். ஓடாமல் கிடந்த பெல்ட்டுக்குப் பின்னால் இயந்திரங்கள் எல்லாம் வரிசையாக வாயடைத்து நின்றன. இவர்கள் தார்ப்பாய் கட்டி, கிழிந்த முனையைச் சீவி, சூட்டுப் பலகையை ஏற்றினார்கள்.

"ஓசூர்லேர்ந்து ஆளுங்க வரணும்னா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் பவித்ரா.

"ஆறு மணி நேரம்ங்க" என்றார் ஜுல்பிகர். "டிரைவர் டீ குடிக்காம வந்தா."

"அதுவரைக்கும்?"

"இப்ப நிக்குது பாருங்க, இப்படியேதாம்மா நிக்கும்" என்றார் கொளஞ்சியப்பன். "நிக்கற ஒவ்வொரு மணிக்கும் நம்ம கம்பெனிதாங்க சுரங்கத்துக்கு அபராதம் கட்டணும். ஒப்பந்தம் அப்படி."

அன்று அவர் பேசியது அவ்வளவுதான். அவை வணக்கம் இல்லை, அடைமொழி இல்லை.

பவித்ரா மழையில் நனைந்த நோட்டில் ஏதோ எழுதினார். "வாடகை மிச்சம், சம்பளம் மிச்சம்னு போர்டுக்கு வந்த கணக்குல எல்லாம் இருந்தது. இந்த ஆறு மணி நேரம் மட்டும் எங்கயுமே இல்ல."

போகும்போது காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார். "உங்களுக்கு எத்தனை பங்கு?"

"பத்துங்க."

"வித்துடாதீங்க."

ஐப்பசி முடிந்தது. ஓசூரிலிருந்து யாரும் பூட்டு எடுத்துக்கொண்டு வரவில்லை. கார்த்திகையில், இருபத்திரண்டு பேருக்கும் மூன்று வருஷத்துக்கு வேலை ஒப்பந்தம் நீட்டித்த கடிதம் வந்தது. தையில் மகளுக்கு நிச்சயதார்த்தம். சொந்தபந்தம் ஒருவர் பெயரும் விடாமல் முக்கால் மணி நேரம் வரவேற்புரை நிகழ்த்தினார் கொளஞ்சியப்பன். சாம்பார் ஆறிப்போனதே என்று செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த ஆவணியிலும் செங்கல் கனத்துக்குப் புத்தகம் வந்தது. எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒற்றை வரி: நெய்வேலிப் பட்டறை தொடரும். ஜுல்பிகர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, அந்த மிக்ஸிய திருப்பிக் குடுத்தா பங்கு தருவாங்களா?"

அந்த வருஷக் கூட்டத்துக்கும் கொளஞ்சியப்பன் பெயர் பதிந்திருந்தார். சொம்பில் போன் சாய்ந்தது. செங்கமலம் முறைத்தாள். "ஒரே வணக்கம். சொல்லிட்டேன்!"

"அனைவருக்கும் வணக்கம். நன்றி" என்றார் கொளஞ்சியப்பன். நாலே விநாடி. இரண்டு நிமிஷத்தில் மீதியெல்லாம் அப்படியே கிடந்தது. கேட்பதற்கும் ஒன்றுமில்லை. அவர் மனைவியைப் பார்த்தார், ஜுல்பிகரைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போன வருஷம் நேரமின்மையால் விடுபட்டுப்போன, எட்டாவது இயக்குநர் பெருந்தகை அவர்களே..."